அப்பா பெயரில் பாதிக் கடைவீடு, சித்தப்பா கையில் முழு வாடகை: என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். எங்காவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், கீழே நான் சொல்வதில் அந்த இடம் உங்களுக்குப் பொருந்தாது. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் டவுனில் ஈரடுக்குக் கடைவீடு ஒன்று. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த உங்கள் அப்பாவும் லாரி ஓட்டிய சித்தப்பாவும் 1980களில் சேர்ந்து வாங்கியது. கிராண்டில் (நிலப் பட்டாவில்) ஆளுக்குப் பாதி என்று இருக்கிறது. அப்பா 2011இல் உயில் எழுதாமல் தவறிவிட்டார். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார், பாட்டி 2015இல் இறந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும்தான். இப்போது இருப்பது அம்மா, அண்ணன், நீங்கள். கீழே மளிகைக்கடை, மேலே தையல்கடை, இரண்டும் சேர்த்து மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) வாடகை. அப்பா போனதிலிருந்து அது முழுக்கச் சித்தப்பா கைக்குத்தான் போகிறது. கேட்டால், “வரி கட்டுவது நான், கூரை மாற்றியது நான், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் என்ன பங்கு?” என்கிறார். புதிய வாடகைக்காரருக்கு ஐந்து வருடத்துக்கு எழுதிக்கொடுக்கப் போவதாகவும், மறுத்துப் பேசினால் கடையையே விற்றுவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். வாடகைப் பாதியைக் கேட்டு வழக்குப் போடலாமா, அவரைத் தடுக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

பேராக்கில் நிலம், வாரிசுச் சொத்து சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. அப்பாவின் பாதிக்காக இன்று சட்டப்படி யார் பேச முடியும்? யாராலும் முடியாது. நீங்கள் சொல்வதிலிருந்து, 2011க்குப் பிறகு யாரும் லேண்ட் ஆபீஸுக்குப் போகவில்லை என்று தெரிகிறது. கிராண்டில் இன்னும் அப்பா பெயர்தான். அவருடைய சொத்தை நிர்வகிக்க ஒருவர் நியமிக்கப்படும்வரை, பிள்ளை என்ற உறவை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பாதிக்காக வழக்குத் தொடுக்க முடியாது. உயிலில் நிறைவேற்றுபவராகப் பெயர் குறிக்கப்பட்டவருக்கு உயிலிலிருந்தே அதிகாரம் வரும். உயில் இல்லாதபோது, நிர்வாகிக்கு நியமன ஆணை கிடைத்த நாளிலிருந்துதான் அதிகாரம். அதற்கு முன் போட்ட வழக்கைப் பின்னால் ஆணை வாங்கிச் சரிசெய்துகொள்ளவும் முடியாது. கோபத்தோடு வந்து “முதலில் சித்தப்பாவுக்கு லாயர் நோட்டீஸ் அனுப்புங்கள்” என்று கேட்பவர்கள் பலர். நோட்டீஸ் அனுப்புவதில் தவறில்லை, ஆனால் எதிர்த்தரப்பு லாயர் எழுதும் முதல் பதில் “உங்களுக்கு என்ன அதிகாரம்?” என்பதாகத்தான் இருக்கும்.

இந்த வேலை பலர் பயப்படுவதுபோலக் கடினமானதல்ல. இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால், அது 1955ஆம் ஆண்டு சிறு சொத்துகள் பகிர்வுச் சட்டத்தின் கீழ் வரும். மலாயில் புசாகா கெச்சில் என்பார்கள். அந்த வரம்பு நெடுநாள் 20 லட்சம் வெள்ளியாக இருந்தது, 2024 ஜூலையில் 50 லட்சமாக உயர்ந்தது. அப்பாவுக்கு வேறு பெரிய சொத்து இல்லையென்றால், ஒரு கடைவீட்டில் பாதி இதற்குள் அடங்கிவிடும். மனுவை அரசின் சொத்துப் பகிர்வுப் பிரிவில் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு வாரிசுகள் அனைவரையும் அழைப்பார்கள், அங்கேயே யாருக்கு எவ்வளவு என்று ஆணை பிறக்கும். அந்த ஆணையை நிலப்பதிவில் ஏற்றினால் பெயர் மாறிவிடும். லாயர் இல்லாமலேயே குடும்பங்கள் இதை முடித்துக்கொள்கின்றன. அசல் கிராண்ட் சித்தப்பாவிடம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். லாட் நம்பரோ கிராண்ட் நம்பரோ தெரிந்தால், கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பதிவைத் தேடிப் பார்க்கலாம். இந்த வாரமே அதைச் செய்யுங்கள். பங்கு பாதிப் பாதிதானா, வங்கிக் கடன் ஏதும் ஏறியிருக்கிறதா, மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டா என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிடும். அந்தத் தாளை நான் பார்க்கவில்லை, அதனால் கீழே சொல்வதெல்லாம் நீங்கள் சொன்ன விவரம் சரி என்ற நம்பிக்கையில் சொல்வதுதான்.

நம் குடும்பங்களில் தாமதம் வருவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, காகிதங்களால்தான். அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரி, கிராண்டில் மூன்றாவது மாதிரி இருக்கும். தோட்டத்து ஆபீஸில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்தது அம்மாவின் கல்யாணம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை என்று பலர் பயப்படுவார்கள். 1976ஆம் ஆண்டு திருமண மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன் சமய, வழக்க முறைப்படி செல்லுபடியாக நடந்த கல்யாணத்தை அந்தச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொள்கிறது. கோயில் ரசீது, பத்திரிகை, படம், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரின் பிரமாணம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கல்யாணம் அந்தத் தேதிக்குப் பிறகு நடந்து பதிவும் இல்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது மனு போடும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி பங்குக் கணக்கு. நீங்கள் கேட்காத, ஆனால் தெரிந்தே ஆகவேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தில் மகன், மகள் வித்தியாசம் கிடையாது. கல்யாணம் ஆன மகளுக்கும் ஆகாத மகளுக்கும் ஒரே பங்குதான். சித்தப்பா சொன்ன அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் இடமே இல்லை, அதைக் கேட்டு நீங்கள் ஒரு நாளும் தயங்க வேண்டாம். ஆனால் அதே சட்டம் இறந்தவரின் பெற்றோருக்கும் பங்கு வைத்திருக்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். அப்பா இறந்த 2011இல் பாட்டி உயிரோடு இருந்தார். ஆக அப்பாவின் பாதியில் கால்பங்கு பாட்டியுடையது, அதாவது முழுக் கடையில் எட்டில் ஒன்று. பாட்டியும் உயில் எழுதாமல் 2015இல் இறந்திருந்தால், அந்த எட்டில் ஒன்று இரண்டாகப் பிரியும். ஒரு பாதி சித்தப்பாவுக்கு, மறுபாதி உங்கள் அப்பாவின் இடத்தில் நிற்கும் உங்களுக்கும் அண்ணனுக்கும். கடையைப் பதினாறு பங்காக வைத்துப் பார்த்தால் சித்தப்பாவுக்கு ஒன்பது, உங்கள் குடும்பத்துக்கு ஏழு. அந்த ஏழில் அம்மாவுக்கு இரண்டு, மீதி ஐந்து உங்கள் இருவருக்கும் சரிபாதி.

இதைப் படித்ததும் உங்களுக்கு மனம் கசக்கலாம். ஆனாலும் விசாரணை மேசையில் எதிர்த்தரப்பு சொல்லித் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பாதி என்று கேட்டுவிட்டுப் பதினாறில் ஏழுக்கு இறங்கினால், நீங்கள் சொல்லும் மற்றவற்றின் மீதும் சந்தேகம் விழும். அப்பாவின் மரணத்தையும் பாட்டியின் மரணத்தையும் அடுத்தடுத்து எடுத்து ஆணை வாங்க வேண்டும் என்பதையும் மனுவின்போது சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கம் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு, “சேர்ந்து வாங்கிய சொத்தில் ஒருவர் போய்விட்டால் முழுசும் மற்றவருக்கு” என்பது. நம் நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத தனிப் பங்கு உண்டு, அது அவரவர் வாரிசுக்குத்தான் போகும். அறங்காவலர்களாகப் பதிவானவர்களுக்கு மட்டும் வேறு விதி. அதேபோல, “இத்தனை வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன், இனி இது எனக்கே” என்ற வாதமும் எடுபடாது. எத்தனை காலம் ஒருவர் அனுபவித்தாலும், பதிவில் இருக்கும் மற்றவரின் உரிமை அதனால் அழிவதில்லை என்று தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது.

வாடகைக்கு வருவோம். வெளியாளிடம் வாடகை வாங்கும் கூட்டு உரிமையாளர், தன் பங்குக்கு மேல் வாங்கியதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அதே சமயம் அவர் செய்த நியாயமான செலவும் கழியும். சுக்காய் தானா (நில வரி), சுக்காய் பிந்து (கட்டட வரி), கூரை வேலை எல்லாவற்றுக்கும் ரசீது காட்டினால், அதில் உங்கள் பங்கைக் கழித்துத்தான் மீதி வரும். கூரையை மாற்றியது அவர் என்றால் அதை மறுக்காதீர்கள், ரசீதைக் கேளுங்கள். எத்தனை வருடத்துக்கு உண்டு? கணக்குக் கேட்கும் வழக்கில் ஆறு வருடத்துக்கு முந்தையதைக் கேட்க முடியாது என்று 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் சொல்கிறது. அதனால் கடைசி ஆறு வருடம் என்பது உறுதியாக நிற்கும் தரை. 1,500 வெள்ளி வீதம் ஆறு வருடத்துக்கு 1,08,000. செலவு 18,000 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 90,000. அதில் பதினாறில் ஏழு என்றால் 39,375 வெள்ளி. 2011 முதல் முழுவதையும் கேட்க வேண்டுமானால், சித்தப்பா உங்கள் பங்கை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தால் காலவரம்பு தளரும். ஆனால் கூட்டு உரிமையாளர் என்பதாலேயே ஒருவர் அறங்காவலர் ஆகிவிடமாட்டார். “உங்கள் பங்கைச் சேர்த்து வைக்கிறேன், பிள்ளைகள் படிப்புக்குத் தருகிறேன்” என்று அவர் அம்மாவிடம் சொன்னதற்கு வாட்சாப்போ கடிதமோ சாட்சியோ இருந்தால் வாதாட இடமுண்டு. இல்லையென்றால் பழைய வருடங்களை நம்பிச் செலவு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் தாமதத்துக்கும் விலை உண்டு. வழக்குப் போடாமல் கழியும் ஒவ்வொரு மாதமும், அந்த ஆறு வருடத்தின் பழைய முனையில் ஒரு மாத வாடகையைத் தின்றுகொண்டே போகிறது.

கடையில் ஓர் அறையைச் சித்தப்பாவே தன் சாமான் வைக்கப் புழங்குகிறார் என்றால், அதற்கு வாடகை கேட்பது கடினம். கூட்டு உரிமையாளர் தன் சொத்தைப் புழங்குவது அவர் உரிமை. உங்களை உள்ளே விடாமல் பூட்டை மாற்றினார், விரட்டினார் என்றால் மட்டும் நிலைமை மாறும்.

ஐந்து வருட ஒப்பந்தத்தைப் பற்றி நீங்கள் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை நிலப்பதிவில் ஏற்ற வேண்டும், முழுக் கடைக்கும் ஏற்றுவதற்குப் பதிவில் உள்ள எல்லா உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும். அப்பாவின் பெயர் அங்கே இருக்கும்வரை சித்தப்பாவால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. ஆனால் மூன்று வருடமோ அதற்குக் குறைவாகவோ சும்மா ஓர் ஒப்பந்தம் எழுதிச் சாவியைக் கொடுத்துவிடலாம். அது உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் வாதிடலாம், ஆனால் உள்ளே வந்து முன்பணமும் கட்டிவிட்ட கடைக்காரரை வெளியே அனுப்புவது நீண்ட வேலை. புதிய வாடகைக்காரர் யார் என்று தெரிந்தால், இந்தச் சொத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று மரியாதையாக ஒரு கடிதம் அவருக்கு இப்போதே கொடுத்துவிடுங்கள். விவரம் தெரிந்தவர் அதற்கு மேல் கால் வைக்க யோசிப்பார்.

இப்போதிருக்கும் மளிகைக்கடைக்காரரிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். “இனிமேல் வாடகையை எங்களிடம்தான் கொடுக்க வேண்டும்” என்று மிரட்டுவது, தண்ணீர், கரண்டை நிறுத்துவது, ராத்திரியில் பூட்டுப் போடுவது எல்லாம் உங்களைத்தான் குற்றவாளிக் கூண்டுப் பக்கம் தள்ளும். வாடகைக்காரரை நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. மேலும், மாதாமாதம் எவ்வளவு கொடுத்தார், யார் கணக்கில் போட்டார் என்று நாளைக்குச் சாட்சி சொல்லப்போவதே அந்தக் கடைக்காரர்தான்.

விற்றுவிடுவேன் என்ற மிரட்டலை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முழுக் கடையை அவரால் விற்க முடியாது. தன் பங்கை மட்டும் விற்க முடியும், அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் நிலச் சட்டம் வைக்கவில்லை. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தப் பங்கை வாங்குபவர் சித்தப்பா நின்ற இடத்தில்தான் நிற்பார். கீழ்த்தளம் எனக்கு, மாடி உனக்கு என்று அவராகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தனியாக ஆள மற்ற எல்லா உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். தகராறில் இருக்கும் அரைக் கடைக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது, அதனால் நல்ல விலைக்கு வாங்க ஆள் கிடைக்காது. சித்தப்பாவுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தனியார் கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட்டுத் தடுக்கலாமா என்று கேட்பீர்கள். அப்பாவின் பங்கைப் பாதுகாக்க அதைப் பற்றி யோசிக்கலாம், போட்டால் ஆறு வருடம் நிற்கும். ஆனால் சித்தப்பாவின் சொந்தப் பங்கின் மீது காரணமில்லாமல் போட்டு அவருக்கு நஷ்டம் வந்தால், அதை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டிவரும். அதனால் இதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள்.

எந்தப் பேச்சும் பலிக்காவிட்டால் கடைசி வழி தேசிய நிலச் சட்டத்தின் 145ஆம் பிரிவு. கூட்டு உரிமையை முடித்துவைக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் மனு போடலாம். பேராக்கில் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உயர்நீதிமன்றம் உண்டு. இதற்கும் முதலில் உங்கள் பெயரோ நிர்வாகியின் பெயரோ பதிவில் ஏறியிருக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் நிலம் என்றால் பிரித்துக்கொள்ளச் சொல்லலாம். (அந்தக் காலத்தில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது நாலு அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்கிப்போட்ட பால்மரக்காடு உள்ளவர்கள் கவனிக்க: விவசாய நிலத்தைப் பிரித்து வரும் துண்டு ஒன்று 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது.) ஒற்றை லாட்டில் நிற்கும் கடைவீட்டை அப்படிப் பிரிக்க வழியில்லை. அதனால் விற்றுப் பங்கு போட ஆணை வரும் வாய்ப்பே அதிகம். மதிப்பீட்டாளர் போட்ட விலைக்கு ஒரு தரப்பு மற்றத் தரப்பின் பங்கை வாங்கிக்கொள்ளட்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். எப்படி முடியும் என்பது நீதிபதி எதை நியாயமாகக் கருதுகிறார் என்பதைப் பொறுத்தது, யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஏலத்துக்குப் போனால் சந்தை விலை கிடைக்காமல் இரண்டு தரப்பும் இழக்கக்கூடும். வழக்குச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் பேசி முடிக்க முடிந்தால் பேசுங்கள் என்றுதான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். கோயில் தலைவரோ, இரண்டு பக்கமும் மதிக்கும் பெரியவரோ உட்காரட்டும். பதினாறில் ஒன்பது அவருக்கு என்பதை முதலில் நீங்களே சொல்லுங்கள். ஏமாற்ற வரவில்லை என்று அவருக்குப் புரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இனிமேல் வரும் வாடகையைப் பங்குப்படி இரண்டு கணக்கில் போடுவது, பழைய பாக்கிக்கு ஒரு தொகை பேசித் தவணையாக வாங்குவது, அவர் பங்கை நீங்களோ உங்கள் பங்கை அவரோ மதிப்பீட்டு விலைக்கு வாங்குவது, எதுவானாலும் எழுத்தில், எல்லாரும் கையெழுத்திட்டு, முத்திரைத் தீர்வை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பிக்கடையில் கைகுலுக்கி முடித்த ஏற்பாடு நிலப்பதிவை மாற்றாது. அடுத்த தலைமுறை அதை நினைவிலும் வைத்திருக்காது.

கடைசியாக அம்மாவைப் பற்றி. அவருக்கு வயதாகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே மனுவைப் போட்டுவிடுங்கள். தன் பங்கு வேண்டாம், பிள்ளைகளுக்கே போகட்டும் என்று அவர் விரும்பினால், பகிர்வு விசாரணையிலேயே உரிமையை விட்டுக்கொடுக்கலாம். தகுதியுள்ள வாரிசு ஒருவர் இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுப்பதற்கு 2024 முதல் முத்திரைத் தீர்வை 10 வெள்ளிதான். ஆனால் நீங்கள் இருவரும் அவரை அதற்கு வற்புறுத்த வேண்டாம். அவர் பெயரில் பங்கு இருந்தால், மாதம் வரும் வாடகையில் அவருக்கென்று ஒரு தொகை இருக்கும். லாயர் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமான் அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது அப்பா, பாட்டி இருவரின் மரணப் பத்திரம், பதிவுத் தேடல் தாள், எல்லாருடைய ஐசி, பிறப்புப் பத்திரம், அம்மாவின் கல்யாண ஆதாரம் இவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுபோங்கள். பதிவுத் தாளில் கட்டுப்பாடு ஏதாவது எழுதியிருந்தால், பெயர், நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.